ஏபிஆர்எஸ்: மலை மேல வச்ச பெட்டி எங்க இருக்கு, எப்படி இருக்கு (அடிக்கடி கேக்கற கேள்விகள்)

கொடைக்கானல் மலையில தாண்டிக்குடி பக்கம் சிநேகிதனோட மாமனார் வீட்டு காப்பித் தோட்டத்துல, ஸ்டோர் ரூம் கூரை மேல ஒரு பிளாஸ்டிக் பெட்டி வச்சிருக்கேன். உள்ள ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி, ரெண்டு மூணு சென்சார். நான் இருக்கறது மதுரையில. 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பெட்டி "நான் இங்க இருக்கேன், இப்படி இருக்கேன்"னு ஒரு சத்தம் போடும், அதை இங்க உக்காந்து படிச்சுக்குவேன். இதைப் பத்தி யார்கிட்ட பேச்செடுத்தாலும் சுத்திச் சுத்தி அதே கேள்விங்கதான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன்.

ஏபிஆர்எஸ்னா என்னங்க?

ஆட்டோமேட்டிக் பேக்கெட் ரிப்போர்ட்டிங் சிஸ்டம். ஹாம் ரேடியோக்காரங்க, அதாவது லைசன்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோ வச்சிருக்கறவங்க, பயன்படுத்தறது. பேக்கெட்னா ஒரே மூச்சுல அனுப்பற சின்ன தகவல் பொட்டலம். அமெரிக்க கடற்படை அகாடமியில வேலை பாத்த பாப் புருனிங்கா, கால் சைன் (ரேடியோவுல அவரோட அடையாளப் பேர்) டபிள்யூபி4ஏபிஆர், 1980கள்ல ஆப்பிள் 2 கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்ச விஷயம். 1984ல 100 மைல் குதிரை ஓட்டப் போட்டி ஒண்ணுல எந்தக் குதிரை எங்க இருக்குன்னு சொல்ல இதை விக்-20ங்கற சின்ன வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓட்டினாரு. 2022ல அவர் காலமாயிட்டாரு, அவர் போட்ட ஃபார்மேட் இன்னைக்கும் அப்படியே ஓடுது.

வேலை செய்யற விதம் ரொம்ப சிம்பிள். எழுத்தையும் எண்ணையும் 1200, 2200 ஹெர்ட்ஸ்னு ரெண்டு சத்தமா மாத்தி, செகண்டுக்கு 1200 பிட் வேகத்துல சாதாரண எஃப்எம் ரேடியோவுல ஒரு செகண்டுக்குள்ள ஊதித் தள்ளிடறது. காதுல கேட்டா 'க்ரர்ச்'னு பழைய டயல்-அப் மோடம் மாதிரி இருக்கும். பொதுவா இன்னாருக்குன்னு அனுப்பறது கிடையாது, யாரு வேணா கேக்கலாம், கேட்டவங்க "வந்துருச்சு"ன்னு பதிலும் சொல்ல மாட்டாங்க. சந்தையில கூவி விக்கற மாதிரிதான்.

வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் இருக்கே, இது எதுக்கு?

டவுனுக்குள்ள சுத்தறவங்களுக்கு இது தேவையே இல்ல, மனசார சொல்றேன். வண்டி எங்க போகுதுன்னு பாக்கணும்னா சிம் போட்ட டிராக்கரே போதும். டவர் கிடைக்காத மலை இடுக்கு, இல்ல கரண்ட் போயி டவரும் படுத்துட்ட நேரம், அங்கதான் இதோட அருமை தெரியும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப டெல்டா பக்கம் நாள் கணக்குல போன் இல்லாம ஜனங்க கெடந்தாங்க இல்லையா, அந்த மாதிரி சமயத்துல சொந்த பேட்டரி, சொந்த ஆன்டெனா, நடுவுல யாரையும் நம்பாத ரேடியோன்னு ஒண்ணு கையில இருந்தா தைரியம்தான். ஆனா ஒண்ணு, நீங்க கூவறதைக் கேக்க சுத்துவட்டாரத்துல இன்னொரு ரேடியோ இருந்தாதான் எல்லாம். நம்ம பக்கம் நிறைய ஊர்ல அது கெடையாது, அதனால கேக்கற முனையையும் நீங்களே போட வேண்டி வரும்.

லைசன்ஸ் வேணுமா?

அனுப்பணும்னா கண்டிப்பா வேணும். மத்திய தொலைத்தொடர்புத் துறையோட ஃப்ரீக்வென்ஸி பிரிச்சுக் கொடுக்கற பிரிவான டபிள்யூபிசி நடத்தற ஏஎஸ்ஓசி (ஹாம் ரேடியோ இயக்கற சான்றிதழ்) பரிட்சை எழுதணும், 12 வயசு ஆனாலே எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வியூ3, ஜெனரலுக்கு வியூ2ன்னு கால் சைன் ஆரம்பிக்கும். இன்னொரு விஷயம் நிறைய பேர் விட்டுடறாங்க: லைசன்ஸ்ல இருக்கற அட்ரஸ்ல இல்லாம வேற எங்கயோ மலை மேல ஸ்டேஷன் வைக்கப் போறீங்கன்னா அதுக்குத் தனியா எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கங்க. இடத்துக்காரர் சொந்தக்காரரா இருந்தாலும் அவர்கிட்டயும் ஒரு பேப்பர் வாங்கி வச்சுக்கங்க, நாளைக்கு தோட்டம் கை மாறும். அனுப்பற தகவலை ரகசியக் குறியீடு போட்டு மறைக்கவும் கூடாது, ஹாம் ரேடியோவுல எல்லாமே திறந்த புத்தகம்தான்.

எந்த ஃப்ரீக்வென்ஸி?

இங்க 144.390 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவுலயும் அதேதான். ஐரோப்பாவுல 144.800. வெளிநாட்டு வீடியோ பாத்து செட் பண்றவங்க 144.800ல வச்சுட்டு "ஒண்ணுமே கேக்கல"ன்னு போன் பண்ணுவாங்க.

என்னென்ன சாமான் வேணும்?

2 மீட்டர் பேண்ட் (அந்த 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ரேடியோ, சத்தத்தை எண்ணாவும் எண்ணை சத்தமாவும் மாத்தற டிஎன்சி, ஜிபிஎஸ், ஆன்டெனா, அவ்ளோதான். டிஎன்சின்னு தனி டப்பா வாங்காம ராஸ்பெரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர்ல டயர்வுல்ஃப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டுக்கலாம், பல டிஎன்சி டப்பாவை விட நல்லாவே டீகோட் பண்ணும். வெறுமனே கேக்கறதுக்கு யூஎஸ்பியில சொருகற ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒண்ணு போதும். நகராத ஸ்டேஷனுக்கு ஜிபிஎஸ் வாங்கி காசை வீணாக்காதீங்க, ஒரு தடவை போன்ல பாத்து எண்ணை எழுதி வச்சா முடிஞ்சது, ஸ்டோர் ரூம் எங்கயும் நடந்து போகப் போறதில்ல.

ஆன்டெனாவுக்கு 49 சென்டிமீட்டர் பித்தளை ராட் ஒண்ணு, கீழ சாஞ்சாப்புல அதே நீளத்துல நாலு. இவ்ளோதான் கால் அலை ஆன்டெனா. என்னோடது 1300 மீட்டர் உசரத்துல இருக்கு, வத்தலகுண்டு பக்கம் கீழ திறந்து கெடக்கு, அதனால நேர்கோட்டுல 65, 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கற மதுரைக்கு 5 வாட்ல சுத்தமா வருது. அதே பெட்டியை மதுரையில என் வீட்டு மாடியில வச்சப்ப அடுத்த ஏரியா தாண்டல. காசு இருந்தா ரேடியோவுல போடாதீங்க, உசரத்துல போடுங்க.

என் ஸ்டேஷன் மேப்புல வேற எங்கயோ காட்டுதே?

பத்துக்கு எட்டு பேருக்கு இதுதான். போன் காட்டறது டிகிரியும் தசமமும், அதாவது 10.31, 77.64ன்னு. ஏபிஆர்எஸ் கேக்கறது டிகிரியும் நிமிஷமும். 0.31ஐ 60ஆல பெருக்கினா 18.60, அதனால எழுத வேண்டியது 1018.60 வடக்கு. 0.64ஐ 60ஆல பெருக்கினா 38.40, அது 07738.40 கிழக்கு, முன்னாடி இருக்கற சைபரையும் விடக் கூடாது.

இதைப் பண்ணாம அப்படியே 1031.00ன்னு போட்டா பெட்டி வடக்க 23 கிலோமீட்டர் தள்ளிப் போயி உக்காந்துக்கும். கிழக்குல இன்னும் கூத்து, 7764.00ன்னு போட்டா 64 நிமிஷம்னு ஒண்ணு உலகத்துலயே கெடையாது, சில சாஃப்ட்வேர் பேக்கெட்டைத் தூக்கிப் போட்டுடும், சிலது 78 டிகிரி 4 நிமிஷம்னு கணக்குப் போட்டு சம்பந்தமே இல்லாத இடத்துல கொண்டு போயி வைக்கும். நான் முதல் நாள் இதைத்தான் பண்ணேன், அதனாலதான் இவ்ளோ விவரமாத் தெரியுது.

என் வீடு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடாதா?

தெரியும். ரேடியோவுல கேட்ட பேக்கெட்டை ஒருத்தர் இன்டர்நெட்டுல ஏத்திவிட்டா ஏபிஆர்எஸ் டாட் எஃப்ஐ மாதிரி சைட்டுல உலகமே பாக்கலாம், பழைய தடமும் நிக்கும். வேணாம்னா நிமிஷத்துல தசமத்துக்குப் பின்னாடி வர்ற ரெண்டு எண்ணையும் வெறும் இடமா விட்டுடுங்க, அதுக்கு ஃபார்மேட்டுலயே வழி இருக்கு, அப்ப கிட்டத்தட்ட 2 கிலோமீட்டருக்குள்ள எங்கயோன்னு மட்டும்தான் தெரியும். கார்ல டிராக்கர் வச்சிருக்கறவங்க குடும்பத்தோட வெளியூர் போறப்ப யோசிச்சுக்கங்க, "வீடு காலியா இருக்கு"ன்னு நீங்களே தமுக்கு அடிச்ச மாதிரி ஆயிடும்.

வைட் 1-1, வைட் 2-1ன்னு போடச் சொல்றாங்களே, அது என்ன?

உங்க பேக்கெட்டை எத்தனை பேர் திருப்பிக் கூவணும்னு சொல்ற சீட்டு. வைட் 1-1க்கு பக்கத்துல இருக்கற சின்ன ஸ்டேஷன் ஒரு தடவை திருப்பிச் சொல்லும், வைட் 2-1க்கு மலை மேல இருக்கற பெரிய டிஜிபீட்டர் (கேட்டதைத் திருப்பிக் கூவற ஸ்டேஷன்) ஒரு தடவை. கார்ல போறவங்களுக்கு ரெண்டும் சேத்துப் போடறதுதான் வழக்கம். வைட் 7-7ன்னெல்லாம் போட்டா மாநிலம் பூரா ஒரே பேக்கெட் எதிரொலிச்சு மத்தவங்க வாயை அடைச்சுடும். என் பெட்டி மதுரைக்கு நேரா கேக்கறதால நான் எதுவுமே போடறதில்ல.

டெலிமெட்ரி எப்படி அனுப்பறது?

டெலிமெட்ரின்னா தூரத்துல அளந்த எண்ணை ரேடியோவுல அனுப்பறது. இதுக்குத்தான் நான் இவ்ளோ தூரம் வந்தேன். ஒரு பேக்கெட்டுல அஞ்சு எண்ணு, ஒவ்வொண்ணும் 0லேந்து 255க்குள்ள, அப்புறம் ஆமா-இல்லன்னு சொல்ற எட்டு பிட். என் பெட்டி நல்லா இருக்கற நாள்ல மத்தியானம் இப்படி வரும்:

டி#112,217,139,083,006,014,01000000

112ங்கறது வரிசை எண். அடுத்து பேட்டரி 217, சோலார் பேனல் 139, பெட்டிக்குள்ள சூடு 083, மழைமானியோட குட்டி வாளி எத்தனை தடவை ரொம்பிச் சாஞ்சுச்சுங்கறது 006, கடைசி 10 நிமிஷத்துல காதுல விழுந்த பேக்கெட் 014. பிட்ல மொதலாவது கதவு திறந்திருக்கா, ரெண்டாவது சார்ஜ் ஏறுதா.

சரி, 217ன்னா எத்தனை வோல்ட்? அதைத் தனியா மூணு நாலு மெசேஜ்ல சொல்லணும். பேர் சொல்றது பார்ம், அலகு சொல்றது யூனிட், கணக்கு சொல்றது ஈக்யூஎன்எஸ், பிட்டுக்கு பிட்ஸ். கணக்குல ஒவ்வொரு சேனலுக்கும் மூணு எண்ணு: வர்க்கத்தைப் பெருக்க ஒண்ணு, எண்ணைப் பெருக்க ஒண்ணு, கடைசியா கூட்ட ஒண்ணு. என்னோடது:

0,0.06,0,0,0.1,0,0,0.5,-20,0,0.2,0,0,1,0

பேட்டரி 217ஐ 0.06ஆல பெருக்கினா 13.02 வோல்ட். பேனல் 139 பெருக்கல் 0.1, 13.9 வோல்ட். சூடு 83ல பாதி 41.5, அதுல 20 போனா 21.5 டிகிரி. மழை 6 பெருக்கல் 0.2, 1.2 மில்லிமீட்டர்.

இங்க எல்லாரும் விழற குழி ஒண்ணு இருக்கு. இந்த மெசேஜை ஸ்டேஷன் தனக்குத்தானே அனுப்பணும், அந்தப் பேர் சரியா 9 எழுத்து இருக்கணும், குறைஞ்சா வெறும் இடம் விட்டு ரொப்பணும். என் கால் சைன் ஆறு எழுத்து, கூட எந்த ஸ்டேஷன்னு காட்டற -13 சேத்தா கரெக்டா ஒம்பது, அதனால முதல்ல தானா வேலை செஞ்சுச்சு. அப்புறம் -1னு மாத்தினேன், எட்டாயிடுச்சு, மேப்புல வோல்ட் எல்லாம் மறைஞ்சு வெறும் 217 மட்டும் நிக்குது. ரெண்டு ராத்திரி தேடினேன், ஒரே ஒரு ஸ்பேஸ்.

0-255 பத்தலன்னா பொசிஷன் பேக்கெட்டோட கமென்ட்லயே சுருக்கி வைக்கற இன்னொரு முறை இருக்கு, அதுல 8280 வரைக்கும் போகலாம். பலூன் விடறவங்க அதைத்தான் விரும்பறாங்க.

எதையெல்லாம் அளக்கணும்?

ஆசைப்பட்டதை எல்லாம் அளக்காதீங்க. சரிபண்ண மலை ஏறறதுக்கு முன்னாடி பையில என்ன எடுத்து வைக்கணும்னு எந்த எண்ணு சொல்லுமோ அதை அளங்க. பெட்டி பேசாம போயிட்டா பட்டிவீரன்பட்டி தாண்டி வளைவு வளைவா பஸ்ஸுல ஏறி, ஒரு நாள் லீவு போட்டு, மேல போயி "அடடா ஃப்யூஸ் கொண்டு வரலையே"ன்னு நின்னு பாத்தாதான் இது புரியும்.

ஒரு ஐப்பசி மாசம் நடந்தது. பேட்டரி நாளுக்கு நாள் இறங்குது, 12.4, 12.2, அப்புறம் 198ன்னு வருது, அதாவது 11.88. மேல ஒரே மூடாப்பு, வெயில் இல்ல போலன்னுதான் யாரும் நினைப்பாங்க. ஆனா பேனல் சேனல்ல மத்தியானம் 203, அதாவது 20.3 வோல்ட். பிடபிள்யூஎம்னு சொல்ற சாதாரண சோலார் சார்ஜர்ல சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்தா பேனல் வோல்டேஜ் பேட்டரி பக்கமா இழுபட்டு 13, 14ல நிக்கணும். பேட்டரி பசியில கெடக்கறப்ப பேனல் 20ல சும்மா நிக்குதுன்னா வெயில் இருக்கு, ஆனா சாப்பாடு வாய்க்குப் போகல. சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவுலதான் ஏதோன்னு ஃப்யூஸ் ஹோல்டர் ஒண்ணு, வயர், உப்புத்தாள் எடுத்துக்கிட்டுப் போனேன். போயி திறந்தா ஹோல்டர் உள்ள பச்சைப் பசேல்னு களிம்பு பூத்துக் கெடக்கு. சார்ஜர் தன் வாய்ல 14.4 வோல்ட் பாத்துட்டு "பேட்டரி ரொம்பிருச்சு"ன்னு நினைச்சு நிறுத்திக்கிட்டிருந்துருக்கு. 20 நிமிஷத்துல வேலை முடிஞ்சது, மிச்ச நேரம் தோட்டத்துல காப்பி குடிச்சுட்டு இறங்கினேன்.

பேட்டரி மட்டும் அளந்திருந்தா நான் புது பேனலைத் தோள்ல தூக்கிட்டுப் போயிருப்பேன்.

எவ்ளோ பெரிய பேட்டரி, பேனல் வேணும்?

அனுப்பறப்பதான் கரண்ட் தின்னும்னு எல்லாரும் நினைக்கறாங்க, கணக்குப் போட்டுப் பாருங்க. 5 வாட்ல அனுப்பறப்ப ஒன்றரை ஆம்பியர் இழுக்குது, ஒரு தடவை ஒரு செகண்ட், நாளைக்கு 144 தடவை. மொத்தம் 216 ஆம்பியர் செகண்ட், அதாவது 0.06 ஆம்பியர் ஹவர், ஒண்ணுமே இல்ல. ஆனா என் பெட்டி டிஜிபீட்டரும் கூட, நாள் பூரா காது கொடுத்து உக்காந்திருக்கணும். அதுக்கு 100 மில்லி ஆம்பியர்னு வச்சாலும் 24 மணி நேரத்துக்கு 2.4 ஆம்பியர் ஹவர். பேசறதை விட கேக்கறது 40 மடங்கு செலவு.

லெட் ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் செத்துடும். முதல்ல 7 ஆம்பியர் ஹவர் வச்சேன், ஒன்றரை நாள்தான் தாங்குச்சு. இப்ப 26, வெயிலே இல்லாம அஞ்சு நாள் தாங்கும், பேனல் 40 வாட். மலையில ஐப்பசி கார்த்திகையில மூணு நாள் தொடர்ச்சியா வெயில் மூஞ்சியே தெரியாது, அதை மனசுல வச்சுக்கங்க. டிஜிபீட்டர் வேணாம், டெலிமெட்ரி மட்டும் போதும்னா ரேடியோவைத் தூங்க வச்சு நேரத்துக்கு மட்டும் எழுப்பலாம், அப்ப 7 ஆம்பியர் ஹவரே தாராளம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போடறவங்க கவனம், அது பாதி காலியானாலும் வோல்டேஜ் 13.2 பக்கமே நிக்கும், கடைசியில பொத்துனு விழுந்துடும். அதுக்கு வோல்டேஜ் டெலிமெட்ரி ஆறுதலுக்குத்தான், உள்ள போற வர்ற கரண்ட்டை அளக்கணும்.

வானிலை ஸ்டேஷனா போடலாமா?

போடலாம், ஆனா ஃபார்மேட் அமெரிக்காக்காரங்க போட்டது. சூடு ஃபாரன்ஹீட், காத்து மைல், மழை இஞ்ச்ல நூத்துல ஒரு பங்கு. 22 டிகிரி செல்சியஸை அப்படியே 022ன்னு அனுப்பினா மேப்புல மைனஸ் 5.6ன்னு தாண்டிக்குடியில ஐஸ் கட்டும். காத்தழுத்தத்தையும் கடல் மட்டத்துக்கு மாத்தி அனுப்பணும், 1300 மீட்டர் உசரத்துல நேரா அளந்தா 870 மில்லிபார் மாதிரி வரும், பாக்கறவங்க பெரிய புயல்னு பயந்துடுவாங்க.

பேக்கெட் விட்டு விட்டு வருது, ஏன்?

கொஞ்சம் போறது சகஜம், ஒப்புகையே இல்லாத முறை இது. வரிசை எண்ணைப் பாருங்க, 112, 113, 116ன்னு வந்தா ரெண்டு காணோம். நாள் முழுக்க நூத்துக்கு அஞ்சு போனா விட்டுடுங்க. பாதிக்கு மேல போனா ரெண்டே ரெண்டு விஷயம்தான் பெரும்பாலும். ஒண்ணு, ரேடியோ பட்டனை அழுத்தினதும் உடனே பேச ஆரம்பிக்காது, அது விழிச்சுக்கறதுக்குள்ள டிஎன்சி பாதி பேசி முடிச்சுடும். அதனால டிஎன்சியைக் கொஞ்சம் காத்திருந்து பேசச் சொல்லணும், என் சீன வாக்கி டாக்கிக்கு 100 மில்லி செகண்ட் பத்தல, 350 வச்சதும் சரியாச்சு. இன்னொண்ணு சத்தம் ஜாஸ்தி. காதுக்கு கணீர்னு இருந்தா நல்லதுன்னு வால்யூமை ஏத்திடறோம், டீகோடருக்கு அது கரகரப்புதான். குறைச்சுக்கிட்டே வந்து பாருங்க.

பெட்டி பேச ஆரம்பிச்சு நிறுத்தவே இல்லன்னா?

நடக்கும். ஈரம் இறங்கி பிடிடி ரிலே (ரேடியோவை அனுப்ப வைக்கற சுவிட்ச்) ஒட்டிக்கிச்சுன்னா ரேடியோ மணிக்கணக்குல அனுப்பிக்கிட்டே இருக்கும், வேற யாரும் வாயே திறக்க முடியாது, உங்க பேட்டரியும் காலி. ரேடியோவுல டைம்-அவுட் டைமர் இருந்தா கண்டிப்பா ஆன் பண்ணுங்க, ரிலேக்குப் பதிலா டிரான்சிஸ்டர் வைங்க, சாஃப்ட்வேர் தொங்கினா ரீசெட் பண்ற வாட்ச்டாக்கும் வேணும்.

பலூன்ல வச்சு அனுப்பலாமா?

அனுமதி வாங்கிட்டு பண்ணுங்க, ஆகாய விமானம் போற இடம் அது. 30 கிலோமீட்டர் உசரத்துலேந்து சுத்தி 700 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் நேராவே கேக்கும், அதனால திருப்பிச் சொல்லச் சொல்லி பெரிய வைட் எண்ணா போடாதீங்க. ஜிபிஎஸ் சிப் சிலது 18 கிலோமீட்டருக்கு மேல வாயை மூடிக்கும், அதை பறக்கற மோடுக்கு மாத்திட்டு விடுங்க.

சாட்டிலைட் வழியா முடியுமா?

முடியும், ரொம்ப சந்தோஷமான வேலை. சர்வதேச விண்வெளி நிலையத்துல 145.825ல ஒரு டிஜிபீட்டர் இருக்கு, அது ஆன்ல இருக்கறப்ப தலைக்கு மேல கடந்து போற எட்டு பத்து நிமிஷத்துல உங்க பேக்கெட்டை வாங்கித் திருப்பிச் சொல்லும். இந்த ஃப்ரீக்வென்ஸியில டாப்ளர் 3.4 கிலோஹெர்ட்ஸுக்குள்ளதான், எஃப்எம் ரேடியோவுக்குப் பெருசா தொந்தரவு இல்ல. நம்ம நாட்டுக் கதையும் ஒண்ணு உண்டு: 2019 ஏப்ரல் 1ல ஸ்ரீஹரிகோட்டாவுலேந்து கிளம்பின பிஎஸ்எல்வி-சி45ல, சாட்டிலைட்டை இறக்கிவிட்டப்புறம் குப்பையா சுத்த வேண்டிய நாலாவது அடுக்கையே மேடையா வச்சு, அதுல ஆம்சாட் இந்தியாங்கற ஹாம் சாட்டிலைட் சங்கத்தோட ஏபிஆர்எஸ் டிஜிபீட்டரை வச்சு அனுப்பினாங்க. தேஞ்ச டயர்ல ஊஞ்சல் கட்டற புத்தி.

லோரா போர்டு மலிவா கிடைக்குதே, அதுல பண்ணலாமா?

லோராங்கறது கம்மி பவர்ல ரொம்ப தூரம் போற இன்னொரு ரேடியோ முறை. கரண்ட் ரொம்பக் கம்மியாத் தின்னும், எனக்கும் ஆசைதான். ஆனா ஐரோப்பாவுல லோரா ஏபிஆர்எஸ்க்கு வச்சிருக்கறது 433.775, நம்ம ஹாம்களுக்குக் கொடுத்திருக்கறது 434லேந்து 438. டவுன்லோட் பண்ண ஃபர்ம்வேரை அப்படியே ஏத்தி ஆன் பண்ணிடாதீங்க, ஃப்ரீக்வென்ஸியை மாத்திட்டு பண்ணுங்க.

பெட்டி திடீர்னு அமைதியாயிடுச்சு. முதல்ல என்ன பாக்கறது?

உங்க பக்கத்து ரேடியோவை. சிரிக்காதீங்க, ரெண்டு தடவை மதுரையில என் ஆன்டெனா கேபிளைத்தான் எலி கடிச்சிருந்துச்சு, மேல பெட்டி பாவம் ஒழுங்கா பேசிக்கிட்டுதான் இருந்திருக்கு. அது சரியா இருந்தா கடைசி நாள் பேக்கெட்டுங்களை எடுத்துப் பாருங்க. வோல்டேஜ் மெல்ல மெல்ல இறங்கி நின்னிருந்தா சாப்பாட்டுப் பிரச்சினை. 13 வோல்ட்ல நல்லா இருந்தது ஒரே அடியா நின்னுச்சுன்னா ஃப்யூஸ், இடி, இல்ல சாஃப்ட்வேர். கதவு பிட் ஒண்ணாகி அப்புறம் நின்னா ஆள் வேலையோ குரங்கு வேலையோ. எதுக்கும் தோட்டத்துல வேலை பாக்கற அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, "அண்ணே, கூரை மேல பெட்டியில பச்சை லைட்டு எரியுதா?"ன்னு கேளுங்க. என் பெட்டிக்கு வெளிய தெரியற மாதிரி அந்த லைட்டை வச்சதே அதுக்குத்தான். போன வாரம் கேட்டதுக்கு, "லைட்டு எரியுது தம்பி, ஆனா கம்பிதான் வளைஞ்சு கெடக்கு, பலாக்காய் விழுந்துருச்சு"ன்னாரு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பித்தளை ராட் எடுத்துக்கிட்டுப் போறேன்.